வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறார்: யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"வீட்டை விற்கப்போகிறோம், வேறு இடம் பாருங்கள்" என்ற செய்தி யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் கடிதமாக வருவதில்லை. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ இரவில் ஒரு வட்ஸ்அப் அழைப்பு வரும். இல்லாவிட்டால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் ஒருவர் படலையில் நின்றபடி, "தம்பி, அடுத்த மாதம் எழும்பவேண்டி வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்ட குடும்பம் மறுநாளே தரகரைப் பிடித்து வீடு தேடத் தொடங்கிவிடுகிறது. பிள்ளையின் பாடசாலை, வேலைக்குப் போகும் தூரம், கட்டிய முற்பணம் எல்லாம் அந்த அவசரத்தில் அடிபட்டுப் போகின்றன.

அவசரப்பட வேண்டியதில்லை. வீடு விற்கப்படுவதால் மட்டும் உங்கள் வாடகை உரிமை முடிந்துவிடுவதில்லை. இலங்கையில் இந்த விடயத்துக்கு அடித்தளமாக இருக்கும் ரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, ஏற்கெனவே உள்ள வாடகை உரிமைக்கு உட்பட்டே ஒருவர் வீட்டை வாங்குகிறார். பழைய சொந்தக்காரரின் இடத்தில் புதியவர் வந்து அமர்கிறார், அவ்வளவுதான். அதே வாடகை, அதே காலம், அதே நிபந்தனைகள் தொடரும். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரு மாதத்துக்கா, இரண்டு வருடத்துக்கா, அதற்கும் மேலா என்பது உங்கள் கையில் என்ன பத்திரம் இருக்கிறது, வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. பதில் சொல்வதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாம் படி: எதிலும் ஒப்பமிடாதீர்கள், ஒரு கடிதம் எழுதுங்கள்

வாய்ப்பேச்சில் "சரி அண்ணா, பார்க்கிறோம்" என்று சொன்னால் பாதகமில்லை. ஆனால் "இன்ன திகதிக்கு முன் வீட்டை விட்டு வெளியேறுகிறேன்" என்று எழுதிய தாளில் ஒப்பமிட்டுவிட்டால், பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் உங்களுக்குப் பெரிதாக உதவ முடியாது. விற்பனைக்கு வசதியாக இருக்கும் என்று அப்படியொரு தாளைத் தரகரே எழுதிக்கொண்டு வருவதுண்டு. வாங்கி வையுங்கள், ஒப்பமிட வேண்டாம்.

அதற்குப் பதிலாக நீங்கள் ஒரு சிறு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய மின்னஞ்சலுக்கோ வட்ஸ்அப்புக்கோ அனுப்பி, இங்கு வாடகை வாங்குபவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கடிதம் இவ்வளவு போதும்:

"இவ்வீட்டை விற்க எண்ணியிருப்பதாக … ஆம் திகதி தாங்கள் தொலைபேசியில் தெரிவித்தீர்கள். நான் … ஆம் திகதி முதல் மாதம் … ரூபா வாடகையில் இங்கு குடியிருக்கிறேன். இன்றுவரையான வாடகை செலுத்தப்பட்டுள்ளது. முற்பணமாக … ரூபா தங்களிடம் உள்ளது. விற்பனை நடைபெற்றால் அதை எனக்கு எழுத்தில் அறிவிக்குமாறும், முற்பணத்துக்கான ஏற்பாட்டை விற்பனைக்கு முன்னர் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

பார்வைக்குச் சாதாரணக் கடிதம். ஆனால் குடிவந்த திகதி, வாடகை, முற்பணம் ஆகிய மூன்றும் அதில் பதிவாகிவிடுகின்றன. அவர் மறுத்து எழுதாவிட்டால் நாளைக்கு நீதிமன்றத்தில் உங்களுக்குச் சாட்சியாக நிற்கப்போவது இந்தக் கடிதமே. தபால் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள்.

இரண்டாம் படி: உங்கள் நிலை எது?

இந்தப் படியில்தான் நேரம் செலவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பார்கள்.

நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிய குத்தகை உறுதி உங்களிடம் இருந்து, அதன் காலமும் மீதி இருந்தால், நீங்கள் பலமான நிலையில் இருக்கிறீர்கள். மீதிக் காலம் முழுவதும் புதிய சொந்தக்காரர் அந்த உறுதிக்குக் கட்டுப்பட்டவர். முதலில் இரண்டு விடயங்களைப் பாருங்கள். விற்பனை நடந்தால் ஒப்பந்தம் முடியும் என்றோ, இத்தனை மாத அறிவித்தலில் முடிக்கலாம் என்றோ உறுதியில் வாசகம் உள்ளதா? இருந்தால் அதற்கு நீங்கள் ஏற்கெனவே சம்மதித்துவிட்டீர்கள். அடுத்து, உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா? நொத்தாரிசு எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாத குத்தகை உறுதிக்கு எதிராக, பணம் கொடுத்து வாங்கியவர் தன் உறுதியை முந்திப் பதிந்துவிட்டால் அவருடைய உறுதி மேலோங்கும் ஆபத்து இருக்கிறது. விற்பனைப் பேச்சு காதில் விழுந்த அந்த வாரத்திலேயே, பதியாத குத்தகையைப் பதிந்துவிடுங்கள்.

இரண்டாவது நிலையில்தான் நம்மில் பெரும்பாலானோர் இருக்கிறோம்: வெறும் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரு தரப்பும் ஒப்பமிட்ட ஒப்பந்தம், அல்லது வாய்ப்பேச்சு மட்டும். முத்திரை ஒட்டியதால் அது நொத்தாரிசு உறுதியாகிவிடாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியாக இல்லாவிட்டால் சட்டத்தில் செல்லாது. "இரண்டு வருடத்துக்கு எழுதியிருக்கிறோமே" என்று அந்தத் தாளைக் காட்டுபவருக்கு உண்மையில் இருப்பது மாதாந்த வாடகை உரிமை மட்டுமே. அதற்காக அந்தத் தாளைக் கிழித்து எறியாதீர்கள். எவ்வளவு வாடகை, எவ்வளவு முற்பணம், எப்போது குடிவந்தீர்கள் என்பதை நிரூபிக்க அது உதவும்.

வீட்டுக்காரர்கள் ஏன் நொத்தாரிசிடம் வரத் தயங்குகிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். போர்க்காலத்தில் விட்டுப்போன வீடுகளில் வேறு ஆட்கள் குடியிருந்து, திரும்பி வந்தபோது எழும்ப மறுத்த கதைகள் இங்கு ஒவ்வொரு ஊரிலும் உண்டு. "எழுதிக் கொடுத்தால் வீடு போய்விடும்" என்ற பயம் அதிலிருந்து வந்தது. அந்தப் பயத்துக்குச் சட்ட அடிப்படை இல்லை. பத்து வருட ஆட்சியால் உரிமை கோருவதற்கு, சொந்தக்காரரின் உரிமையை மறுத்து ஆண்டிருக்க வேண்டும். வாடகை கொடுத்து இருப்பவர் சொந்தக்காரரின் உரிமையை ஒவ்வொரு மாதமும் ஒப்புக்கொள்கிறார். முறையாக எழுதிய குத்தகை வீட்டுக்காரரைத்தான் அதிகம் காக்கிறது. அடுத்த வீடு எடுக்கும்போது இதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது நிலை அரிதானது, ஆனால் மிகப் பலமானது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் மாநகர சபை, நகர சபை, பட்டின சபைப் பகுதிகளை நோக்கிச் செய்யப்பட்டது. யாழ்ப்பாண மாநகர சபையும் சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை நகர சபைகளும் அந்த வகைக்குள் வருகின்றன. நல்லூர்க் கோயிலடி மாநகர எல்லைக்குள் இருக்கிறது. பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி பிரதேச சபைக்கு உட்பட்டது. சிறிது தூரத்துக்குள் சட்ட நிலை மாறக்கூடும் என்பதால், ஆதனவரிப் பற்றுச்சீட்டில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய பட்டின சபைப் பகுதிகள் பின்னர் பிரதேச சபைகளுக்குள் சேர்ந்துவிட்டன. அப்படியான இடமென்றால் சட்டத்தரணியிடம் கேட்டே முடிவுக்கு வாருங்கள்.

எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது. 1980 ஜனவரி 1ஆம் திகதிக்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகளும், அந்தத் திகதியில் சொந்தக்காரரே குடியிருந்து பின்னர் வாடகைக்கு விட்ட வீடுகளும் இந்தச் சட்டத்துக்கு வெளியே உள்ளன. போருக்குப் பின் எழுந்த வீடுகள் எல்லாம் இதனால் வெளியே போய்விடுகின்றன. ஆனால் வண்ணார்பண்ணையிலோ சுண்டிக்குளியிலோ, பழைய நாற்சார வீடொன்றில் தகப்பன் காலத்திலிருந்து வாடகைக்கு இருப்பவர் இதன் பாதுகாப்புக்குள் வரக்கூடும். வந்தால், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை நிரூபித்தால்தான் நீதிமன்றம் வெளியேற்றும். வாடகை நிலுவை, அனுமதியின்றி வேறொருவருக்கு வாடகைக்கு விடுதல், வீட்டைப் பாழாக்குதல், சொந்தக்காரர் குடும்பத்துக்கு நியாயமாகத் தேவைப்படுதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. விற்கவேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொன்றும் உண்டு: நீங்கள் குடிவந்த பிறகு வீட்டை விலைக்கு வாங்கியவர், "எனக்கே குடியிருக்கத் தேவை" என்ற காரணத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. 22ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு அதைத் தடுக்கிறது. இப்படியான வீட்டில் இருப்பவர் சட்டத்தரணியைப் பார்க்காமல் ஒரு பேச்சுக்கும் போகக்கூடாது.

மூன்றாம் படி: வாடகையை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்

"விற்கப்போகிறார்தானே, முற்பணத்தில் கழிக்கட்டும்" என்று வாடகையை நிறுத்துவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. உங்களிடம் இருக்கும் நல்ல நியாயம் முழுவதையும் அது கெடுத்துவிடும். எந்தச் சட்டத்தின் கீழும் வெளியேற்றுவதற்கு முதல் காரணமாக வருவது வாடகை நிலுவை. வங்கி மூலம் கட்டுங்கள். கையில் கொடுத்தால் மாதத்தைக் குறிப்பிட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

சிலர் குடியிருப்பவரை நிலுவைக்காரராக்குவதற்காகவே வாடகையை வாங்க மறுப்பார்கள். வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடென்றால், 21ஆம் பிரிவின் கீழ் உள்ளூராட்சி சபையில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் வாடகையைச் செலுத்தலாம். அது சொந்தக்காரருக்குச் செலுத்தியதாகவே கொள்ளப்படும். மற்ற வீடுகளுக்கு, அவருடைய வங்கிக் கணக்கில் போடுங்கள். கணக்கு தெரியாவிட்டால் காசுக்கட்டளை எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். மறுத்தவர் அவர்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நான்காம் படி: வீடு பார்க்க வருபவர்கள்

காணி வாங்குவது யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத் திருவிழா. கொள்வனவாளர், அவருடைய மாமா, தரகர், மனையடி பார்க்கத் தெரிந்தவர், வெளிநாட்டிலிருப்பவருக்குக் காட்ட வீடியோ எடுக்கும் பிள்ளை என்று ஒரு வான் நிறைய வருவார்கள். ஒருவர் கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீரை அள்ளி, ஒரு வாய் குடித்து, உவரா நன்னீரா என்று பார்ப்பார். இன்னொருவர் வேலியோரமாக நடந்து பரப்புக் கணக்குப் பார்ப்பார். அதற்குள் மூன்றாமவர் கேட்காமலே படுக்கையறைக் கதவைத் திறந்துவிடுவார்.

வாடகை கொடுக்கும்வரை அந்த வீடு உங்கள் குடியிருப்பு, அங்கு அமைதியாக இருக்கும் உரிமை உங்களுடையது. சொந்தக்காரர் வீட்டைக் காட்ட வேண்டியதும் நியாயமானதே. வாரத்தில் இரண்டு நேரத்தைக் குறித்து, முதல் நாளே சொல்லிவிட்டு வரவேண்டும் என்று எழுதி அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குள் படம் எடுப்பதென்றால் உங்கள் பொருள்களும் பிள்ளைகளும் படத்தில் வராமல் எடுக்கச் சொல்லுங்கள். சாவியைத் தரகரிடம் கொடுக்காதீர்கள். வந்தவர்கள் கேட்டால், "நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், ஒப்பந்தம் இன்ன மாதம்வரை இருக்கிறது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அது தெரிந்தே வாங்குபவர் பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா?

இது உங்கள் கவலையில்லை என்று தோன்றலாம். ஆனால் உரிமையில்லாதவருக்கு வாடகை கட்டினால் அது கட்டியதாகவே ஆகாது.

வெளிநாட்டிலிருப்பவருக்காக இங்கு ஒருவர் பேசினால், அவரிடம் அற்றோணித் தத்துவத்தின் (சொந்தக்காரர் சார்பில் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின்) பிரதியைக் கேளுங்கள். வாடகை வாங்க மட்டும் அதிகாரம் பெற்றவர் வீட்டை விற்கவோ உங்களை வெளியேற்றவோ முடியாது. அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் அத்தோடு முடிந்துவிடும்.

தேசவழமை இங்குதான் உள்ளே வருகிறது. 1707இல் டச்சுக்காரர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட இந்த வழமைச் சட்டத்தின் முன்வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பங்காளிகளும், விற்பவர் மரணசாசனமின்றி இறந்தால் முதுசம் பெறக்கூடியவர்களும் வெளியாருக்கு முன் வாங்கும் உரிமை உள்ளவர்கள். அவர்களுக்கு அறிவிக்காமல் விற்றால் வழக்கு வரலாம். வீடு மனைவியின் சீதனச் சொத்தாக இருந்தால், தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதை விற்பதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். பங்காளிகளுக்குள் வழக்கு வந்தால் யாருக்கு வாடகை கொடுப்பது என்ற சிக்கல் உங்கள் தலையில்தான் விழும். வாடகைக்கு இருப்பவருக்கு முன்வாங்கும் உரிமை தேசவழமையில் இல்லை. "இத்தனை வருடம் இருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் முதலில் தரவேண்டும்" என்று ஊரில் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் சட்டமாகாது. உங்கள் குத்தகை உறுதியிலேயே அப்படி ஒரு வாசகம் இருந்தால் மட்டும் கேட்டு வாங்கலாம்.

ஆறாம் படி: விற்றுவிட்டார்கள். இப்போது யாருக்கு வாடகை?

புதியவர் ஒருவர் வந்து, "நான்தான் வாங்கினேன், இனி என்னிடம் தாருங்கள்" என்றால் அவர் முகத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். பழைய சொந்தக்காரரிடமிருந்து, இன்ன திகதி முதல் வாடகையை இவருக்குச் செலுத்துமாறு ஒரு கடிதமும், புதிய உறுதியின் இலக்கம், திகதி, அதை எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகியவையும் கேளுங்கள். சந்தேகமிருந்தால் காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாம். அவர்தான் வாங்கினார் என்று நிச்சயமானதும் தாமதிக்காமல் புதியவருக்குக் கட்டத் தொடங்குங்கள், பற்றுச்சீட்டை அவர் பெயரில் வாங்குங்கள். அவர் வாங்கிய முதல் மாத வாடகையே உங்களைத் தன் குடியிருப்பாளராக ஏற்றதற்குச் சான்று.

முற்பணத்தில்தான் அதிகச் சண்டை வருகிறது. பழையவர் "புதியவரிடம் கேளுங்கள்" என்பார். புதியவர் "என்னிடமா கொடுத்தீர்கள்?" என்பார். இதை விற்பனைக்கு முன் தீர்க்கவேண்டும். ஒன்றில் பழையவர் திருப்பித் தரட்டும், அல்லது விற்பனை விலையில் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு, அது தன்னிடம் இருப்பதாகப் புதியவர் எழுதித் தரட்டும். இரண்டும் நடக்காவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். பெரிய செலவில்லாமல், சட்டத்தரணி இல்லாமல், உள்ளூர்ப் பெரியவர்கள் முன் பேசித் தீர்க்கக்கூடிய விடயம் இது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பல பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் அங்கு போகவேண்டும் என்பதே சட்டம்.

நீங்கள் சொந்தச் செலவில் போட்ட தண்ணீர்த் தாங்கி, கிணற்று மோட்டார், மின்விசிறி ஆகியவற்றை விற்பனைக்கு முன் படம் எடுத்து, பட்டியலிட்டுப் பழையவரின் ஒப்பம் வாங்குங்கள். இல்லாவிட்டால் அவை வீட்டோடு சேர்ந்து விலைபோய்விடும்.

ஏழாம் படி: வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தால்

மாதாந்த வாடகைக்கு, முழு மாத அறிவித்தல் வேண்டும், அது வாடகை மாதத்தின் முடிவில் முடியவேண்டும். உங்கள் மாதம் 1ஆம் திகதி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 10ஆம் திகதி அறிவித்தல் கிடைத்தால் அது ஏப்ரல் 30ஆம் திகதிதான் முடியும். ஏப்ரல் 10 என்று எழுதியிருந்தால் அறிவித்தலில் பிழை இருக்கிறது, சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

அறிவித்தல் காலம் முடிந்தாலும் உங்களைத் தூக்கி வெளியே விட யாருக்கும் அதிகாரமில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்புப் பெற்று, பிஸ்கால் எனப்படும் நீதிமன்ற அலுவலர் மூலமே வெளியேற்றலாம். "அப்படியென்றால் வழக்கை இழுத்தடித்துப் பத்து வருடம் இருக்கலாம்" என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். காலம் முடிந்தோ அறிவித்தலாலோ முடிவுற்ற குத்தகை வீடுகளை விரைவாக மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. உரிமையில்லாமல் தங்கிய காலத்துக்கு நட்டஈடும் கட்ட வேண்டி வரும். வழக்கு அழைப்பாணை வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் சட்டத்தரணியிடம் போங்கள். பணவசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் உதவுகிறது.

எட்டாம் படி: பூட்டை மாற்றினால், மின்சாரத்தை வெட்டினால்

நீங்கள் பாடசாலைக்கோ வேலைக்கோ போன நேரம் படலையில் புதிய பூட்டு. அல்லது தண்ணீர் மோட்டாரின் வயர் கழற்றப்பட்டிருக்கிறது. அல்லது இரவில் இரண்டு பேர் வந்து மிரட்டுகிறார்கள். அதே நாளில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். "இது குடிசார் பிரச்சினை, நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பினாலும், மிரட்டலும் அத்துமீறி நுழைதலும் குற்றங்கள், அவற்றைப் பதியுமாறு உறுதியாகக் கேளுங்கள்.

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. அமைதிக் குலைவு ஏற்படக்கூடிய காணி, வீட்டுப் பிணக்கைப் பொலிஸாரோ நீங்களோ நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். வழக்கு வைப்பதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே விட நீதிமன்றம் கட்டளையிடலாம். அந்த இரண்டு மாதத்தை மறக்காதீர்கள். உறவினர் வீட்டில் தங்கியபடி "பேசித் தீர்ப்போம்" என்று காத்திருந்து காலத்தைக் கடத்தியவர்களுக்கு இந்த எளிய வழி மூடிப்போகிறது. மின்பட்டியல், பிள்ளையின் பாடசாலைக் கடிதம், கிராம அலுவலரின் வதிவிடச் சான்று, வாடகைப் பற்றுச்சீட்டு ஆகியவை நீங்கள் அங்கு குடியிருந்ததைக் காட்டும். அவற்றின் பிரதிகளை இப்போதே வேறு வீட்டில் வைத்துவிடுங்கள். பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பத்திரம் யாருக்கும் உதவாது.

ஒன்பதாம் படி: பேசிப் பாருங்கள்

ஆளில்லாத வீட்டுக்கே கொள்வனவாளர் நல்ல விலை கொடுப்பார். அதனால் உங்கள் ஒத்துழைப்புக்கு விற்பவரிடம் மதிப்பு இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையோ உயர்தரப் பரீட்சையோ எழுதும் பிள்ளை இருந்தால், அது முடியும்வரை தவணை கேளுங்கள். கடைசி இரண்டு மாத வாடகையைத் தள்ளுபடி செய்யவும், வீடு மாறும் செலவுக்கு ஒரு தொகை தரவும், முற்பணத்தைச் சாவி கொடுக்கும் முன்பே தரவும் கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை. பேசி முடித்ததை எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுங்கள்.

நீங்களே வாங்க விரும்பினால் உடனே சொல்லுங்கள். ஆனால் குடியிருந்த வீடு என்பதற்காக உறுதியைப் பாராமல் விடாதீர்கள். உங்களுக்கென்று தனிச் சட்டத்தரணி வைத்துப் பதிவேட்டைத் தேடி, பங்காளிகள் யார், ஈடு இருக்கிறதா, ஆதனவரி நிலுவை உண்டா என்று பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

வெளியேறுவதென்று முடிவானால், போகும் நாளில் மின்மானியின் அளவைப் படம் எடுங்கள், ஒவ்வொரு அறையையும் கூட்டித் துடைத்துப் படம் எடுங்கள். சாவியைக் கொடுக்கும்போது, "இன்ன திகதியில் சாவியும் வீடும் நல்ல நிலையில் கிடைத்தன, முற்பணம் முழுவதும் கொடுத்துத் தீர்க்கப்பட்டது" என்று எழுதிய தாளில் சாவியை வாங்குபவரின் ஒப்பத்தைப் பெறுங்கள். பணம் கைக்கு வரும் முன் சாவி கைமாற வேண்டாம்.